மயில் நீல மாண்டலின்

நாமக்கல்லில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் ராசப்பன் கை பட்ட வண்டி கூட்டத்திலும் தனியாகத் தெரியும் என்பார்கள். தெரியத்தான் செய்தது. பின்பலகையில் அவர் போடுகிற கிளியின் கண்ணில் பொட்டளவு வெள்ளை வைத்துவிடுவார். பின்னால் வருகிற வண்டிக்காரனை அது முறைத்துக்கொண்டே போகும். அசாம் பக்கம் லோடு கொண்டுபோன டிரைவர்கள் அங்கிருந்து போன் போட்டு, "அண்ணா, உங்க கிளி ஒண்ணு இங்க தாபாவுல நிக்குதுங்க" என்பார்கள். அந்தப் பெருமையை வெளியே காட்டிக்கொள்ளத் தெரியாத மனுஷன். அன்றைக்கு டீயோடு ஒரு வடை சேர்த்துச் சாப்பிடுவார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் வைகாசி வெயிலில் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, பழைய சேலையில் எதையோ சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் உப்பிக்கொண்டிருந்த அந்த மூட்டையைப் பார்த்துவிட்டு கண்டக்டர் சும்மா இருக்கவில்லை.

"என்னுங்க பெரியவரே, பூசணிக்காய்க்குக் கூட சேலை கட்டிக் கூட்டிட்டுப் போறீங்க?"

"மாண்டலினுங்க."

"அதென்னங்க அது?"

"வாசிக்கறதுங்க. எம்புள்ளையோடது."

"புள்ளை எங்க, சேலத்துல இருக்குதுங்களா?"

ராசப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டரும் பஸ்ஸில் நாலு விதமான மனிதர்களைப் பார்த்தவர்தான். மேற்கொண்டு கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

புள்ளை சேலத்தில் இல்லை. எங்குமே இல்லை. தனப்பிரியா ராசப்பனுக்கும் வசந்தாமணிக்கும் ஒரே மகள். நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ராசிபுரம் ஜெயபிரகாஷின் இசைக்குழுவோடு மாண்டலின் வாசிக்கக் கிளம்பிவிடுவாள். கல்யாண ரிசப்ஷன், மாரியம்மன் பண்டிகை, காது குத்து என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். பொட்டப்புள்ளையை மேடையேற்றுகிறீர்களே என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். ராசப்பன் அதற்கெல்லாம் அசையவில்லை. "நான் லாரி மேல ஏறி நின்னு எழுதறேன். அவ மேடை மேல ஏறி உக்காந்து வாசிக்கறா. ரண்டும் ஏறுற பொழப்புதானுங்க" என்பார். கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த மாண்டலின் அவளுக்குக் கிடைத்தது ஏற்காட்டில். பழைய பங்களா ஒன்றைக் கைமாற்றிவிட்டபோது உள்ளே கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை வாசலில் போட்டு விற்றார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர்களோடு சுற்றிப் பார்க்கப் போனவள், கால் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் அது கிடப்பதைப் பார்த்துவிட்டாள். கம்பி ஒன்றுகூட இல்லை. முதுகு உருண்டையாக உப்பியிருந்தது. கையிலிருந்ததைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்து, எட்டுக் கம்பியும் மாட்டி, ஒரு மாதம் பாடுபட்டுச் சரிசெய்தாள். அவள் அதை முதல்முதலாக வாசித்துக் காட்டிய அன்று ஜெயபிரகாஷ் தன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாராம்.

"அப்பா, இது நம்ம ஊர்ல செஞ்சதில்லீங்க. வெளிநாட்டுது. நூறு வருசத்துக்கு மேல இருக்கும். செஞ்ச ஆளோட பேரைக் கண்டுபிடிக்கணும்" என்று அப்பாவிடம் சொன்னாள்.

"கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போற, கல்யாணப் பத்திரிகை வெக்கப் போறியா?"

"கண்டுபிடிச்சுச் சொல்றேன். நீங்க அதுக்கு ஒரு பொட்டி செஞ்சு, மூடி மேல அந்தப் பேரை உங்க கையால எழுதித் தரணும். லாரிக்காரனுக்கெல்லாம் எழுதறீங்க, எனக்கு ஒண்ணு எழுத மாட்டீங்களா?"

எழுதித் தருகிறேன் சாமி என்று சொல்லியிருந்தார். அஞ்சு வருஷம் அவள் அதை வாசித்தாள். பள்ளிக்கூட வேலையும் கச்சேரியுமாக ஓடியதில் பேர் கண்டுபிடிக்கிற வேலை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு சித்திரை மாதத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் அந்த வாரத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். இருபத்தெட்டு வயது. அதற்கப்புறம் வீட்டில் என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று எழுதிக்கொண்டு போனால் எழுதுகிறவனுக்கும் கை ஓடாது. வசந்தாமணி மூன்று மாதம் அடுப்படிப் பக்கம் போகவில்லை. ராசப்பன் பட்டறைக்குப் போனார். வேறு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, பட்டறைத் தச்சர்களிடம் நல்ல தேக்குப் பலகையாகப் பார்த்துக் கொடுத்துப் பெட்டி செய்யச் சொன்னார். உள்ளே வெல்வெட் துணி ஒட்டினார். மூடி மேல் ஓரமெல்லாம் பூக்கொடி வரைந்தார். நடுவில் பேர் எழுதுகிற இடத்தை மட்டும் வெறுமனே விட்டு வைத்தார். எத்தனையோ ஆயிரம் பேர்களை எழுதிய கை, அந்த ஒரு பேருக்காகக் காத்திருந்தது. அதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டால் மகள் சொன்ன வேலையில் ஒன்றையாவது முடித்த மாதிரி இருக்கும் என்பது அவர் கணக்கு. வசந்தாமணிக்கும் அதே கணக்குதான். இரண்டு பேரும் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொண்டதில்லை.

ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? அவளுடைய போனில் ஏதாவது எழுதி வைத்திருப்பாள், போட்டோவாவது இருக்கும் என்று பார்த்தால், அதற்கு அவள் போட்ட பூட்டு யாருக்கும் தெரியவில்லை. கடையில் கொடுத்தார். கடைக்காரப் பையன் பத்தே நிமிஷத்தில் திறந்து கொடுத்துவிட்டான். திறந்து பார்த்தால் போன் புதுசாக இருந்தது. உள்ளே ஒரு போட்டோகூட இல்லை. அந்தப் பையனை நாலு வார்த்தை திட்டக்கூட ராசப்பனுக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

இந்த இடத்தில் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாமக்கல்லில் ஆயுத பூஜைக்கு அடுத்தபடிதான் தீபாவளியெல்லாம். எந்த மூலையில் இருந்தாலும் வண்டிகள் ஊர் திரும்பிவிடும். கழுவி, பெயிண்ட் விட்டுப்போன இடமெல்லாம் பூசி, வாழைக்கன்று கட்டி நிறுத்துவார்கள். பட்டறையிலும் அப்படித்தான். வைஸ், டிரில்லிங் மிஷின், கம்ப்ரசர் என்று ஒன்று விடாமல் தேய்த்துக் கழுவி, புதுப் பெயிண்ட் அடித்துத்தான் சாமி முன்னால் வைப்பார்கள். வருஷம் பூராவும் நமக்கு உழைத்த சாமான் அன்றைக்கு ஒரு நாளாவது புதுத்துணி கட்டிக்கொள்ளட்டும் என்கிற எண்ணம். பெயிண்ட் அடிக்காத சாமானைப் பூஜையில் வைப்பது, கட்டியிருக்கிற அழுக்கு வேட்டியோடு கோயிலுக்குள் போவது மாதிரி.

தனப்பிரியா இருந்த காலத்தில் மாண்டலினையும் அன்றைக்குப் பூஜையில் வைப்பாள். ஒரு காய்ந்த துணியால் துடைப்பதோடு சரி. "இவ்வளவுதானா சாமி? ஒரு கோட்டு அடிச்சுத் தரட்டா?" என்று ராசப்பன் வம்புக்கு இழுப்பார். "இதுக்கு இது போதுமுங்கப்பா" என்று அவள் சிரித்துக்கொண்டே பொட்டு வைப்பாள்.

அவள் இறந்த வருஷம் ஆயுத பூஜை வந்தபோது, அதைச் சும்மா துடைத்து வைக்க ராசப்பனுக்கு மனசு வரவில்லை. புள்ளை இல்லையென்று அவளுடைய சாமானைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று ஆகக் கூடாது. வீட்டுக்கு எடுத்து வந்து கொல்லைப்புறத்தில் உட்கார்ந்தார். கம்பிகளை அவிழ்த்துச் சுருட்டி வைத்தார். பட்டறையிலிருந்து சின்ன கம்ப்ரசரைக் கொண்டுவந்து, வாய் போலிருந்த ஓட்டைக்குள் காற்றடித்தார். தூசியும் ஒட்டடையும் சருகு மாதிரி ஏதோ ஒன்றும் பறந்து வந்தது. கூட்டித் தள்ளினார். முதுகெல்லாம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருந்தது. வெடிப்பு என்று நினைத்து ஒவ்வொன்றிலும் பட்டிப் பசை வைத்து அடைத்தார். முன்பக்கம் வார்னிஷ் போய், கீறலும் சொட்டையுமாக இருந்த இடத்தையெல்லாம் அதே மாதிரி அடைத்துச் சமமாக்கினார். அப்படி ஒரு வண்டி வந்தால் அவர் அப்படியே வெளியே அனுப்புவாரா? பிறகு பிரைமர் அடித்து, அவளுக்குப் பிடித்த மயில் நீலத்தில் இரண்டு கோட்டு. முன்பக்கம் இரண்டு கிளிகள், நடுவில் தங்க நிறத்தில் 'தனப்பிரியா'. வேலை முடிந்தபோது வசந்தாமணி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். பூஜைக்கு வந்தவர்கள் எல்லாரும் புள்ளையே வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதன் மேல் ஒரு புதுக் கோட்டு ஏறியது.

இந்த வருஷம் ஏழாவது நினைவு நாளுக்கு ஜெயபிரகாஷ் வந்திருந்தார். பல வருஷம் கழித்து இப்போதுதான் வீட்டுக்கு வருகிறார். நீல மாண்டலினைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், காபியை எடுத்துக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். பெட்டி மூடியில் காலியாகக் கிடந்த இடத்தைப் பற்றி வசந்தாமணி சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அயோத்தியாப்பட்டணத்தில் நித்யஸ்ரீ என்று ஒரு பெண் இருக்கிறாள், பழைய வீணை, வயலின், கிடார் எதைக் கொடுத்தாலும் எந்த ஊர்ச் சாமான், எந்தக் காலத்தது, என்ன மதிப்பு என்று பார்த்துச் சொல்கிறாள் என்று நம்பர் கொடுத்தார். போகும்போது வாசலில் நின்று, "பாத்துச் சொல்லட்டும். எதுக்கும் ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றார். ராசப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படியாகத்தான் அவர் சேலத்தில் பஸ் மாறி அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கியது.

நித்யஸ்ரீ இருந்தது ஒரு மாடி அறையில். சுவரெல்லாம் கழற்றிப்போட்ட வீணைத் தண்டுகளும் கிடார்களுமாகத் தொங்கின. முப்பத்தைந்து வயது இருக்கும். தனப்பிரியா இருந்திருந்தால் ஏறக்குறைய இதே வயதுதான் என்று படியேறும்போதே ராசப்பனுக்குத் தோன்றிவிட்டது.

"உக்காருங்க ஐயா. தண்ணி குடிங்க. ஜெயபிரகாஷ் சார் சொன்னாரு" என்றாள் அவள். மேஜை மேல் ஒரு கம்பளியை விரித்தாள்.

ராசப்பன் சேலையைப் பிரித்தார். மயில் நீலம் அந்த அறை வெளிச்சத்தில் பளபளவென்று மின்னியது. நித்யஸ்ரீ குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது யாரு பெயிண்ட் பண்ணது?"

"நாந்தானுங்க" என்றார் ராசப்பன். அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருக்கத்தான் செய்தது.

"கை ரொம்பச் சுத்தமா இருக்குங்க ஐயா. ஒரு பிசிறு இல்ல." அவள் அதை மரியாதைக்குச் சொல்லவில்லை. கிளியின் இறகை விரல் படாமல் கவனித்துவிட்டுத்தான் சொன்னாள். பிறகு வாத்தியத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். முன்பலகையை விரல் முட்டியால் லேசாகத் தட்டினாள். லாரிப் பலகையைத் தட்டினால் வருகிற மாதிரி ஒரு கட்டைச் சத்தம் வந்தது. ராசப்பனுக்கே அது காதில் உறைத்தது. வாத்தியத்தைத் தட்டினால் அப்படிக் கேட்கக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் சின்னக் கண்ணாடியையும் ஒரு ஒயரில் கட்டிய விளக்கையும் ஓட்டைக்குள் விட்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"உள்ள பெயிண்ட் படல. அதனால கொஞ்சம் சொல்ல முடியுது. முதுகு ஒரே கட்டை இல்லீங்க ஐயா. இருபதுக்கு மேல பட்டை இருக்கு. ஒவ்வொண்ணையும் சூடு பண்ணி வளைச்சு, நடுவுல நூல் மாதிரி வேற மரம் வச்சு ஒட்டியிருக்காங்க. ரொம்ப நல்ல வேலைக்காரர்."

"அந்தக் கோடுங்களா?" என்றார் ராசப்பன். "வெடிப்புன்னுல்லங்க நெனச்சேன்."

அவள் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினாள். "இத்தாலியில செஞ்சதாத்தான் இருக்கணும். நூறு வருசம் தாண்டியிருக்கும், சந்தேகமே இல்ல" என்றாள்.

ராசப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எம்புள்ளை சொன்னாளுங்க அம்மிணி. யாரும் சொல்லித்தராம அவளே சொன்னாளுங்க. வெளிநாட்டுதுப்பா, நூறு வருசம்ப்பான்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரிங்க, பேரு? செஞ்சவரு பேரு?"

நித்யஸ்ரீ கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து அவரையும் பார்க்கச் சொன்னாள். உள்ளே மரம் வயசாகிக் கறுத்திருந்தது. ஓட்டைக்கு நேர் கீழே ஒரு இடம் மட்டும் உள்ளங்கையளவு சதுரமாக வெளுத்துக் கிடந்தது.

"இங்க ஒரு சீட்டு ஒட்டியிருந்திருக்கு. அதுலதான் செஞ்சவர் பேரு, ஊரு, வருசம் எல்லாம் அச்சடிச்சிருப்பாங்க. சமீபத்துலதான் போயிருக்கு. இல்லாட்டி அந்த இடமும் கறுத்திருக்கும். உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்குங்களா?"

ராசப்பன் விளக்கு வெளிச்சத்தில் அந்த வெளுத்த சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சருகு மாதிரி பறந்து வந்தது. கூட்டித் தள்ளியாயிற்று. அன்றைக்குக் குப்பையோடு கொளுத்தியும் ஆயிற்று.

"காத்தடிச்சனுங்க. பெயிண்ட் அடிக்கறதுக்கு முந்தி தூசி இருக்கப்படாதுங்க. காத்தடிச்சுத்தான் ஆரம்பிப்போம்."

"தெரியாமத்தானே பண்ணீங்க" என்றாள் நித்யஸ்ரீ.

"ஆமாங்க" என்றார். "தெரியாதுங்க."

மதிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஆனால் அது அவள் தொழில். சொல்லாமல் விடுவதும் சரியில்லை என்று நினைத்திருப்பாள். அந்தச் சீட்டும் பழைய வார்னிஷும் இருந்திருந்தால் தேடி வந்து வாங்க ஆள் இருந்திருக்கும், இப்போது யாராவது வாங்கினால் அழகுக்கு மாட்டி வைக்கத்தான் வாங்குவார்கள் என்றாள். முன்பலகை அப்பளம் மாதிரி மெல்லிசான மரம், அது அதிர்ந்தால்தான் சத்தம், இத்தனை கோட்டைச் சுமந்துகொண்டு அதனால் அதிர முடியாது என்றும் சொன்னாள்.

"விக்கறதுக்கு வரலீங்க அம்மிணி. பேரு ஒண்ணு தெரிஞ்சாப் போதும்னு வந்தேன்."

அவர் சேலையை எடுத்து மறுபடியும் சுற்ற ஆரம்பித்தார். சேலை நழுவி நழுவி விழுந்தது. பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, நித்யஸ்ரீ நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஐயா, செஞ்சவர் பேரு போனாப் போகட்டும். அவரு யாரோ. எங்ககிட்ட பழைய வாத்தியம் வந்தா, செஞ்சவரைப் பார்க்கறதோட விட மாட்டோம், வாசிச்சவங்களையும் பார்ப்போம். தினமும் வாசிச்சா மரத்துல அவங்க தடம் விழுந்துரும். கை சாயற ஓரம் தேஞ்சு போகும். கம்பிக்குக் கீழ விரல் நகம் பட்ட இடம் குழியும். சில பேரு வாசிக்கும்போது சுண்டு விரலை முன்பலகையில ஊணிக்குவாங்க. அந்த இடத்துல சின்னதா ஒரு பள்ளம் விழுந்திருக்கும். ஆளுக்கு ஆள் அது மாறும். உங்க பொண்ணு எத்தனை வருசம் வாசிச்சாங்க?"

"அஞ்சு வருசமுங்க. தினமும் வாசிப்பா. வேர்க்க வேர்க்க வாசிப்பா."

"சுண்டு விரலை ஊணி வாசிப்பாங்களா?"

ராசப்பனுக்கு அது அப்படியே கண்முன் வந்து நின்றது. ஓட்டைக்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே, சுண்டு விரலை ஊன்றிக்கொண்டு மற்ற விரல்கள் மட்டும் துடிக்க அவள் வாசிப்பாள். "ஆமாங்க" என்றார்.

"அப்ப அது அங்கதான் இருக்கும். பேரை விட அது பெருசுங்க ஐயா. இந்தப் பெயிண்டை நான் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துத் தரேன். அவசரமில்லாம, நாலஞ்சு மாசம் ஆனாலும் பரவாயில்ல. சத்தம் வருமான்னு சொல்ல முடியாது. ஆனா உங்க பொண்ணு விரல் வச்ச இடத்தை நீங்க தொட்டுப் பார்க்கலாம்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அவள் பெயிண்டைப் பார்த்தவள். பட்டியைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

ராசப்பன் சேலையை விலக்கினார். ஓட்டைக்குப் பக்கத்தில், இரண்டு கிளிகளுக்கும் நடுவில், நீலத்தின் மேல் தன் கட்டைவிரலை வைத்துத் தடவினார். வழவழவென்று, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் இருந்தது. நாற்பது வருஷமாக அவர் சம்பாதித்த பேரெல்லாம் அந்த வழவழப்புக்காகத்தான்.

"இருந்துச்சுங்க அம்மிணி" என்றார். "இந்த எடத்துலதான். சின்னதா, சுண்டைக்காய் அளவு. எங்கயோ இடிச்சுச் சொட்டை விழுந்துருக்குதுன்னு நெனச்சேன். ஓரத்துல தேஞ்சதும் இருந்துச்சு."

"அதான், பெயிண்டை எடுத்தா…"

"பட்டி வெச்சிருக்கறனுங்க."

"பட்டியையும் எடுத்துரலாம் ஐயா."

"வழவழன்னு இருக்கற எடத்துல பட்டி புடிக்காதுங்க அம்மிணி. மொதல்ல தண்ணி ஊத்தி எமரித் தாள் போட்டு மரம் வெளுக்கற வரைக்கும் தேய்க்கோணும். சொட்டையோட வாயெல்லாம் நல்லாத் தேய்ச்சு அகலமாக்கித்தான் பட்டி வெப்போம். அரைகுறையாத் தேய்ச்சா ரண்டு வருசத்துல உரிஞ்சு வந்துரும்." அவர் கட்டைவிரலை எடுத்துக்கொண்டார். "நான் அரைகுறையாத் தேய்க்கலீங்க. எம்புள்ளையோடதாச்சேன்னு நல்லாத் தேய்ச்சனுங்க."

நித்யஸ்ரீ எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். திரும்பி வந்தபோது அவளே சேலையை எடுத்து மாண்டலினைச் சுற்றினாள். பார்த்ததற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டாள். படி இறங்கும் வரை கூடவே வந்து, பஸ் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் சாமி, நான் போய்க்கறேன் என்று ராசப்பன் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ராசிபுரம் தாண்டும் வரை அவர் மனசுக்குள் ஒரே யோசனைதான். வசந்தாமணியிடம் பாதியைச் சொன்னால் போதும். இத்தாலி, நூறு வருஷம், புள்ளை சொன்னது சரி. பேர் மட்டும் தெரியவில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மீதியைத் தனக்குள் புதைத்துக்கொண்டு போய்விடலாம். அவள் இப்போதுதான் ஏதோ நாலு பேரோடு பேச ஆரம்பித்திருக்கிறாள்.

நாமக்கல் முதலைப்பட்டியில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வசந்தாமணி வாசலிலேயே நின்றாள்.

"ஏனுங்க, சாப்புட்டீங்களா? மூஞ்சியெல்லாம் வாடிப்போயிருக்குது. பேரு தெரிஞ்சுதுங்களா?"

"இத்தாலியாம். நூறு வருசத்துக்கு மேலயாம்."

"பாத்தீங்களா, எம்புள்ளை அன்னைக்கே சொன்னா." அவள் மூட்டையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "நான் நெனச்சேனுங்க. அவ சொன்னா தப்பாது. சரி, பேரு?"

"அது தெரியலையாம்."

"தெரியாட்டிப் போச்சாது. ஊரு பேரையே எழுதிப்போடுங்க. இத்தாலின்னு. நல்லாத்தான் இருக்கும்." அவள் கட்டிலில் வைத்துச் சேலையைப் பிரித்தாள். முந்தானையால் நீலத்தின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "வர்ற ஆயுத பூஜைக்கு இந்தக் கிளிக்கு மட்டும் கொஞ்சம் பச்சை ஏத்திவுடுங்க, வெளுத்த மாதிரி தெரியுது" என்றாள்.

அதற்கு மேல் ராசப்பனால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம், இனிமேல் ஒன்றும் பூச வேண்டாம் என்றார். ஏன் என்று அவள் கேட்டாள். அவர் சொல்ல ஆரம்பித்தார். காற்றடித்ததைச் சொன்னார். பறந்துபோன சீட்டைச் சொன்னார். சுண்டு விரல் ஊன்றிய பள்ளத்தைச் சொல்ல வந்தபோது, நடுத்தர வயசைத் தாண்டிய ஆம்பளை, மகள் செத்த அன்றுகூட ஊர் முன்னால் அழாதவர், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"எஞ்சாமி வெரல் வெச்ச எடம், வசந்தா. அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. எங்கையாலயே தேய்ச்சுப் போட்டேன். நாந்தான் தேய்ச்சுப் போட்டேன்."

வசந்தாமணி முந்தானையைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். அழவில்லை. பிறகு அவளும் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாண்டலினை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் இல்லீங்க" என்றாள். "எமரி போடறப்ப சொம்புல தண்ணி எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே இருந்தது நாந்தானுங்க. அந்த எடத்துல இன்னும் சித்த நேரம் தேய்ங்க, இன்னும் பள்ளம் தெரியுதுன்னு சொன்னதும் நாந்தானுங்க."